திருவிழா வாரத்தில் அப்டேட் வேண்டாம்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா ஒரு செவ்வாய்க்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய்க்கிழமை முடியும். சித்திரையின் கடைசிப் பகுதி, அதாவது மே மாதம். கம்பம் நட்ட நாளிலிருந்து முல்லைப் பெரியாற்றில் குளித்துத் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றுகிறவர்கள் ஒரு பக்கம், கடைசி வாரத்தில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையுமாக வருகிறவர்கள் ஒரு பக்கம் என்று தேனி–கம்பம் சாலையில் பஸ் நகராது. மைக்ரோசாப்ட் கம்பெனியும் செவ்வாய்க்கிழமைக் கட்சிதான். 2003 அக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாவது செவ்வாயன்று விண்டோஸுக்கான மாதாந்திர அப்டேட்டை உலகம் முழுக்க அனுப்பி வருகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு விடுவார்கள். மே மாதத்தில் நமக்கு அது இரவு பத்தரை. மே மாத இரண்டாவது செவ்வாய் பெரும்பாலும் எங்கள் திருவிழாவுக்குள்தான் வந்து விழுகிறது.

அந்த வாரம் எனக்கு அப்டேட் வேண்டாம். மற்ற வாரங்களில் வேண்டுமா என்பதையும் நானே முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், ஒரு யூபிஎஸ் வைத்து டைப்பிங், டிசைன் வேலை செய்கிறேன். பிள்ளைகள் பாடம் படிப்பதும் வீட்டுக்காரர் திராட்சைத் தோட்டத்து மருந்துக் கணக்கு எழுதுவதும் அதே கம்ப்யூட்டரில்தான். அன்னதான நோட்டீஸ், நன்கொடை ரசீது, காதுகுத்துப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு ஃப்ளெக்ஸ் என்று வரும் வேலைகள் பரவாயில்லை. ஒருநாள் முன்பின் ஆகலாம். கண்ணீர் அஞ்சலி அப்படி இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வரும், கூடவே பெயர்கள் எழுதிய துண்டுச்சீட்டும் வரும். போட்டோவில் பின்னால் நிற்கும் ஆட்களை வெட்டி எடுத்து, மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் பெயரை முறை மாறாமல் அடித்து, ஒரு மணி நேரத்தில் தேனி பிரஸ்ஸுக்கு அனுப்பியாக வேண்டும். எடுப்பதற்கு முன்னால் போஸ்டர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் விட்டுப்போனால் அது பத்து வருஷத்துப் பகை.

அப்படி ஒரு ராத்திரி, துக்க வீட்டுப் பெரியவர் ஒருவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. இப்போதே ரீஸ்டார்ட் செய்யவா, பிறகு ஞாபகப்படுத்தவா என்று இரண்டு பட்டன்.

"என்ன தாயி கேக்குது?"

"அணைச்சுப் போடணுமாம் மாமா. புதுசா ஏதோ ஏத்தப் போகுதாம்."

"வேணாம்னு சொல்லு."

"அதுக்குப் பட்டன் இல்ல மாமா. இப்பவா, பெறகான்னுதான் இருக்கு."

"வட்டிக்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, மூத்த மருமகனுடைய இனிஷியலைத் திருத்தச் சொன்னார். 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு வேலையை முடித்தேன். எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதை விடுங்கள். இயங்குதளம், பிரவுசர், ஆன்டிவைரஸ், பிடிஎஃப் படிக்கிற மென்பொருள் என்று எல்லாப் பெட்டியும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

இதில் 2015–16இல் நடந்த கூத்தை மறக்க முடியாது. 2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருஷம் இலவசம் என்றார்கள். இலவசம் என்றால் வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால், கேபி3035583 என்ற எண்ணில், பரிந்துரைக்கப்பட்ட அப்டேட் என்ற பெயரில் ஒன்று எல்லாருடைய கம்ப்யூட்டருக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, மாறு மாறு என்று நச்சரித்தது. 2016 மே மாதம் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். அந்தப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அமுக்கி மூடினாலும், குறித்து வைத்த நேரத்துக்கு மாற்றம் நடக்கும் என்று ஆக்கினார்கள். மூடுகிற குறியை அமுக்கினால் சம்மதம்! கலிஃபோர்னியாவில் பயண ஏஜென்சி நடத்தும் ஒரு பெண்மணி, தான் கேட்காமலே தன் கம்ப்யூட்டர் மாறத் தொடங்கித் தொழில் கெட்டதாகச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போய் 10,000 டாலர் வாங்கினார். மேல்முறையீட்டை மைக்ரோசாப்டே கைவிட்டது.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் காட்டு விலங்கு வேட்டையைத் தடுக்கும் ஒரு குழுவுக்கு நடந்தது எனக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது. செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாக வரும் இணைப்பு அவர்களுடையது. அதில் பல ஜிபி விண்டோஸ் 10 கோப்புகள் சொல்லாமல் இறங்கத் தொடங்கின. எங்கள் ஊரில் செயற்கைக்கோள் எதுவும் இல்லை, செல்போன் ஹாட்ஸ்பாட்தான். பல வீடுகளில் கம்ப்யூட்டருக்கு நெட் வருவது வீட்டுக்காரர் செல்போனிலிருந்து, ஒரு நாளைக்கு இவ்வளவு ஜிபி என்று எண்ணி. அந்தக் கணக்கில் கை வைக்க வெளியார் யாருக்கும் உரிமை கிடையாது. திருவிழா நாட்களில் ஊரில் நுழையும் கூட்டம் அத்தனையும் செல்போனோடு வருகிறது. ஒரு போட்டோ அனுப்பவே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒருவர் உறிஞ்சினால் பிரஸ்ஸுக்கு ஃபைல் போகாது.

மின்வாரியத்தைத் திட்டாத ஆள் எங்கள் பக்கம் கிடையாது. ஆனால், மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரத்தை நிறுத்தப் போகிறார்கள் என்றால் முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும். எந்தத் துணை மின்நிலையம், எந்தெந்த ஊர், காலை எத்தனை மணியிலிருந்து மாலை எத்தனை மணி வரை என்று. பொதுத்தேர்வு நாட்களில் அந்த வேலையைத் தள்ளி வைப்பதும் உண்டு. அந்தத் துண்டுச் செய்தியைப் பார்த்து மோட்டார் போடுகிறோம், மாவு அரைத்து வைக்கிறோம், வேலையை முன்னாலேயே முடிக்கிறோம். என் வீட்டு மேஜையில் இருக்கும், நான் காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு மட்டும் அந்த மரியாதை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. அப்டேட் ஏறும்போது கம்ப்யூட்டரை அணைக்காதே என்று திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். சித்திரைக் கோடைமழைக் காற்றில் எங்கள் ஊர் டிரான்ஸ்பார்மரிடம் அதை யார் போய்ச் சொல்வது? என் யூபிஎஸ் பேட்டரி தாங்குகிற நேரத்துக்குள் அந்தச் சதவீதக் கணக்கு நூறைத் தொடுவதில்லை.

சரி, அப்டேட்டே வேண்டாம் என்று அடைத்துப் போட்டுவிடலாமா? என்னிடம் யோசனை கேட்கும் ஆட்களில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். கூடாது என்றுதான் சொல்கிறேன்.

2017 மே 12, ஒரு சித்திரை வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை என்ற கிருமி உலகம் முழுக்கப் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று கேட்கிற வகை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் சிகிச்சைகளைத் தள்ளி வைத்தன. ஆந்திரத்தில் போலீஸ் கம்ப்யூட்டர்கள் மாட்டின. கேரளத்தில் வயநாட்டுப் பக்கம் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்கள் மாட்டின. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் மார்ச் 14ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் இருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். என் கம்ப்யூட்டரில் ஊர்க்காரர்களின் ஆதார் நகல், பட்டா நகல், கல்யாணப் போட்டோ எல்லாம் கிடக்கிறது. பாதுகாப்புத் திருத்தத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

ஆனால், ஆட்கள் ஏன் அடைத்துப் போடுகிறார்கள் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். பூட்டு ரிப்பேர் செய்ய வருகிறேன் என்று சொல்லி உள்ளே வந்தவர்கள், விளம்பரத்தையும் கூடவே கொண்டுவந்து வைத்தார்கள். முந்தின வருஷம் பரிந்துரைக்கப்பட்ட அப்டேட் என்ற பட்டியலில்தானே அந்த நச்சரிப்பும் வந்தது? அதைப் பார்த்துப் பயந்து மொத்தக் கதவையும் சாத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டை அடைப்பதையும் புதுசாகச் சேர்ப்பதையும் ஒரே மூட்டையில் கட்டி, எடுத்தால் மொத்தமாக எடு என்று சொல்வதில்தான் கோளாறு தொடங்குகிறது.

மூட்டையில் என்னென்ன வரும் என்பதற்கு உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் அரையாண்டு அப்டேட், சிலருடைய டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரையே அழித்துவிட்டது. சில நாளில் நிறுத்தி வைத்து, நவம்பர் 13ஆம் தேதிதான் மறுபடி விட்டார்கள். முன்னோட்டம் பார்த்தவர்கள் சிலர் இதே புகாரை முன்கூட்டியே எழுதியிருந்தார்கள் என்பது பிறகு வெளியே வந்தது. 2021 மார்ச் மாத அப்டேட் போட்ட பிறகு, சில பிரிண்டர்களுக்குப் பிரிண்ட் கொடுத்தாலே நீலத்திரை வந்து கம்ப்யூட்டர் விழுந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிரிண்ட் கொடுப்பது தவிர வேறென்ன வேலை?

பிரிண்டர் என்றதும் எச்பி கதையும் ஞாபகம் வருகிறது. 2016 செப்டம்பர் 13 அன்று உலகின் பல இடங்களில் எச்பி இங்க்ஜெட் பிரிண்டர்கள் வேறு கம்பெனி மை டப்பாக்களை ஏற்க மறுத்தன. முன்பே இறங்கியிருந்த ஃபர்ம்வேருக்குள் அந்தத் தேதி ஒளிந்திருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், தெளிவாகச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, பழையபடி ஆக்கிக்கொள்ள ஒரு ஃபர்ம்வேர் விட்டார்கள். இத்தாலியில் 2020இல் இந்த விவகாரத்துக்கு ஒரு கோடி யூரோ அபராதம் விழுந்தது. என் பிரிண்டர் அந்த வகை இல்லை. ஆனாலும் தேனியில் டோனர் ரீஃபில் செய்து கொடுக்கும் தம்பி எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், பிரிண்டரை நெட்டோடு இணைக்காதே அக்கா என்பதுதான்.

தமிழில் டிடிபி செய்கிறவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. அது வந்தது 2001இல். அதற்குப் பிறகு அந்த மென்பொருளுக்குப் பிறப்பு இல்லை. ஆனால், தமிழ்நாட்டில் எத்தனையோ முன்னறைகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வானவில், ஸ்ரீலிபி என்று யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் இருபது வருஷத்துப் பத்திரிகைகள் கிடக்கின்றன. அண்ணன் கல்யாணத்துக்கு அடித்த மாதிரியே தம்பிக்கும் வேண்டும் என்று வந்து நிற்பார்கள். பழைய ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. பழைய மென்பொருள், பழைய எழுத்துரு, பழைய கீபோர்டு மென்பொருள், பழைய பிரிண்டர் டிரைவர் நான்கும் கைகோத்து நிற்கிற இடம் அது. அதில் ஒன்றைக்கூட அடியில் இருக்கும் இயங்குதளம் கேட்காமல் நகர்த்தக் கூடாது. யூனிகோடுக்கு நானும் மாறிக்கொண்டுதான் இருக்கிறேன். என் வேகத்தில்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி சுருக்கமானது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நிறுத்தி வைக்கும் வசதி இருக்கிறது. ஐந்து வாரம் வரை தள்ளலாம். அது முடிந்ததும் வந்து கிடப்பதை ஏற்றிக்கொண்டால்தான் மறுபடி தள்ள விடும். வீட்டுக்காரர்களுக்கான ஹோம் பதிப்பில் இந்த வசதி வந்ததே 2019 மே மாதப் பதிப்பில்தான். ஆபீஸ்காரர்கள் வாங்கும் ப்ரோ பதிப்பில் அதற்கு முன்பே இருந்தது. கூடுதல் காசு கொடுத்தவன் நேரத்துக்குத்தான் மதிப்பு. ஆக்டிவ் ஹவர்ஸ் என்ற இடத்தில் வேலை நேரம் குறித்து வைத்தால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. பதினெட்டு மணி நேரம் வரை குறிக்கலாம். ஹாட்ஸ்பாட்டில் நெட் எடுப்பவர்கள் அந்த இணைப்பை மீட்டர்டு கனெக்ஷன் என்று குறித்துவிட்டால் பெரிய கோப்புகள் பெரும்பாலும் இறங்காமல் நிற்கும். திருவிழாவுக்கு முன்னால் எல்லா ஃபைலையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, வந்து கிடக்கும் அப்டேட்டை ஏற்றி, மறுநாள் பிரிண்ட் கொடுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் நிறுத்தி வைக்கிறேன். திருவிழா முடிந்ததும் எடுத்துவிடுகிறேன். எடுக்க மறப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

இந்த வித்தையெல்லாம் தெரிந்தால்தான் தன் கம்ப்யூட்டரைத் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது நியாயமா? பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் பெண் இருக்கிறாள், எதிர் வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் இருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது ஒரு பட்டன்.

நம் நாட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு பிடி இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் பதின்மூன்று வகைத் திரைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. அதில் ஒன்று நச்சரிப்பு. வியாபார லாபத்துக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தொல்லை கொடுப்பது. அதற்கு அவர்கள் கொடுக்கும் உதாரணங்களில் ஒன்று, வேண்டாம் என்று சொல்ல வழியே வைக்காமல் அறிவிப்புகளை ஏற்கச் சொல்லி ஓயாமல் கேட்பது. துக்க வீட்டுப் பெரியவர் அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டதும் இதைத்தான்.

பாதுகாப்புத் திருத்தம் இந்த நெறிக்குள் வராது என்று கம்பெனிகள் சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு லாப நோக்கம் இல்லை. ஆனால், புதிய பதிப்புக்கு மாறு, எங்கள் பிரவுசரை வைத்துக்கொள், உன் கோப்புகளை எங்கள் கிளவுடில் ஏற்று என்று கேட்கும் பெட்டிகள் இந்த நெறிக்குள் வரும். அப்படியானால் இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள் என்று ஆணையம் சொல்ல வேண்டியதுதான். மென்பொருள் அப்டேட் தங்கள் எல்லைக்குள் வரும் விஷயம் என்று ஆணையம் நினைப்பதற்கும் அடையாளம் இருக்கிறது. ஐஓஎஸ் 18 போட்ட பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்ற புகார்களின் பேரில் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பப்பட்டதாக 2025 ஜனவரியில் நுகர்வோர் துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி சொன்னார். இத்தாலி இதை 2018லேயே செய்து முடித்துவிட்டது. பழைய போன்கள் தாங்காத அப்டேட்டை, போதிய தகவல் சொல்லாமல், திரும்பிப் போகவும் வழி வைக்காமல் போட வைத்தார்கள் என்று ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு ஐம்பது லட்சம் யூரோ அபராதம்.

கேட்கிற இடத்தில் கேட்டால் கிடைக்கும் என்பதற்குச் சமீபத்திய சாட்சி விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 சிப்பும் புதிய தலைமுறை புராசசரும் வேண்டும் என்பதால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் அதற்குப் போக முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. நச்சரித்து நச்சரித்து மாற வைத்த அதே விண்டோஸ் 10! 2026 அக்டோபர் 13 வரை கூடுதலாக ஒரு வருஷம் திருத்தம் வேண்டுமானால் 30 டாலர் கட்டு, அல்லது புள்ளிகள் சேர்த்துக் கொடு, அல்லது உன் செட்டிங்ஸை எங்கள் கணக்கில் ஏற்றிவை என்றார்கள். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்து எழுதியதும், அங்கே மட்டும் காசும் வேண்டாம், பேக்கப்பும் வேண்டாம் என்று இறங்கி வந்தார்கள். கம்பத்திலும் போடியிலும் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகை இல்லை. நாமும் கேட்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். 'இப்போது', 'பிறகு' என்ற பட்டன்களை மட்டும் காட்டும் பெட்டி அடுத்த முறை எழும்பினால் அமுக்குவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். கம்பெனி பெயரும் தேதியும் அதில் தெரிய வேண்டும். ஒரே ஒரு புகாரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் எடுத்த படங்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருக்கிறேன். திருவிழா வேலை முடிந்த கையோடு அனுப்பப் போகிறேன்.